வாடை தெரியாத சாட்சிகள்

எங்கள் அப்பா திண்டுக்கல்லில் புகையிலைத் தரகர். இலையைக் கையில் வாங்கி ஒரு தரம் கசக்கி மூக்கருகே கொண்டுபோவார். எந்தப் பக்கத்துத் தோட்டம், உப்புத் தண்ணீரா நல்ல தண்ணீரா, பதம் சரியாகப் போட்டதா அவசரத்தில் கட்டியதா என்று சொல்லிவிடுவார். வியாபாரிகள் அந்த மூக்கை நம்பிப் பணம் போட்டார்கள். அந்த மூக்குக்கு ஒரே ஆண் வாரிசான எனக்கு வருஷத்தில் பாதி ஜலதோஷம், மீதி தும்மல். புகையிலை அடுக்கும் கிட்டங்கிக்குள் நான் நுழைந்தால் மூட்டை தூக்குகிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டு என் தும்மலை எண்ணுவார்கள். வேறு வழியில்லாமல் என்னை பி.ஏ. படிக்க வைத்தார்கள்.

அறுபதுகளின் நடுவில், படிப்பை முடித்துவிட்டு வேலைக்கு மனுப் போடுவதை ஒரு வேலையாகச் செய்துகொண்டிருந்தேன். மாகாணத்தில் மதுவிலக்கு அமலில் இருந்த காலம். சட்டப்படி திண்டுக்கல்லில் ஒரு சொட்டுச் சாராயம் கிடையாது. ஆகவே குடிப்பவரும் கிடையாது. ஆனால் மருந்துக் கடைகளில் சாராயத்தில் ஊறிய இஞ்சி டிஞ்சர் விற்ற வேகத்தைப் பார்த்தால், ஊரில் பெரியவர்கள் எல்லோருக்கும் தீராத வயிற்று வலி என்றுதான் நினைக்கத் தோன்றும். வசதி குறைந்தவர்கள், திருட்டுத்தனமாகச் சாராயம் காய்ச்சுகிற சிறுமலை அடிவாரத்துக்குப் போய் வந்தார்கள்.

அப்பாவும் போய் வந்தார். சனிக்கிழமை மத்தியானம் "வாழைத் தோப்பு பாத்துட்டு வாரேன்" என்று கிளம்புவார். எங்களுக்கு அங்கே தோப்பு எதுவும் இல்லை. போனதற்கு அடையாளமாக ஒரு சீப்பு மலைப்பழம் வாங்கி வருவார். அம்மா பழத்தை வாங்கி வைத்துவிட்டு, எதுவும் கேட்காமல் மிளகு ரசம் வைப்பாள். அப்பா எங்கள் தெரு பஜனைக் கூடத்தின் தலைவர், தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர், நெற்றியில் மூன்று பட்டை விபூதி. அவர் குடிப்பார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரியும் என்பது அப்பாவுக்கும் தெரியும். அதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் பார்த்த குடும்ப ஒற்றுமைகளில் இவ்வளவு சுத்தமானது வேறில்லை.

என் அக்காவைச் சின்னாளப்பட்டியில் கொடுத்திருந்தது. மச்சான் சுங்குடிச் சேலைகளை மூட்டையாகக் கட்டி சைக்கிள் கேரியரில் வைத்துக்கொண்டு கிராமம் கிராமமாக விற்பவர். பெண்களிடம் சேலையை விரித்துக் காட்டும்போது அவர் பேசுகிற பேச்சை நான் கேட்டிருக்கிறேன். "எடுக்க வேண்டாம் ஆத்தா, சும்மா தோள்ல போட்டுப் பாருங்க" என்பார். தோளில் போட்ட சேலை திரும்பி வந்ததில்லை. அவருடைய வியாபாரம் முழுக்க நாக்கிலும் இரண்டு கால்களிலும் இருந்தது. அதில் ஒரு கால்தான் போயிற்று.

அன்று ஒரு வியாழக்கிழமை. ரெட்டியார்சத்திரம் பக்கம் ஒரு தோட்டத்தில் அப்பா இலை பார்த்து, விலை பேசி, மாட்டுவண்டியில் பாரம் ஏற்றிக்கொண்டு திரும்பினோம். வெயில் தாழ்ந்திருந்தது. வண்டிக்காரரும் அப்பாவும் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். நான் சிப்பங்களின் மேல் மல்லாந்து படுத்து, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு புத்தகம் படித்தேன். பின்னால் ஒரு கார் வந்தது, எங்களை ஒட்டி உரசுகிற மாதிரி கடந்தது.

"என்னப்பா இவன், ரோட்டை அளந்துக்கிட்டுப் போறான்?" என்று அப்பா சொன்னது காதில் விழுந்தது. நான் பக்கத்தைப் புரட்டினேன். அப்புறம் டமார் என்று சத்தம்.

எழுந்து பார்த்தபோது, கார் தார் ரோட்டை விட்டு இறங்கி ஒரு புளியமரத்தில் முட்டி நின்றது. அப்பா ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தார். வண்டிக்காரரும், எதிர் டீக்கடைப் பக்கமிருந்து இரண்டு பேரும் பின்னாலேயே ஓடினார்கள். கதவைத் திறந்துகொண்டு டிரைவர் சரிந்து விழ, அப்பா அவனைச் சட்டையோடு பிடித்துத் தூக்கினார். இருவர் முகமும் ஒரு சாண் தூரத்தில் இருந்தன. "அண்ணே, தெரியாம... அண்ணே..." என்று அவன் குழறினான். அப்போதுதான் அப்பா பக்கத்து வேலியைப் பார்த்தார். கருவேல முள்ளின் மேல் சேலைகள் விரிந்து கிடந்தன, யாரோ வாடிக்கைக்காரிக்குக் காட்டுவதற்காக விரித்த மாதிரி. அப்பா சட்டையை விட்டுவிட்டார். டிரைவர் சோளக் காட்டுக்குள் ஓடினான். சைக்கிளுக்கு அடியில் கிடந்தவர் எங்கள் மச்சான்.

புகையிலைச் சிப்பங்களை ரோட்டோரத்தில் உருட்டிவிட்டு அவரை வண்டியில் கிடத்தினோம். ஊர் வரைக்கும் அப்பா அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "இந்தா வந்துட்டோம் மாப்ள, செத்த நேரம், செத்த நேரம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். பெரியாஸ்பத்திரியில் மச்சானை இறக்கிய பிறகுதான் நான் கவனித்தேன்: படித்த இடம் தவறிப் போகாமல் இருக்க என் ஆள்காட்டி விரல் இன்னும் புத்தகத்துக்குள்ளேயே இருந்தது.

மறுநாள் காலையில் டிரைவர், கார் முதலாளியான அரிசி மில்காரரோடு போலீஸ் ஸ்டேஷனில் ஆஜரானான். குளித்து, சலவைச் சட்டை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, கல்யாண வீட்டுக்கு வந்தவன் மாதிரி இருந்தானாம். குடித்தானா இல்லையா என்று சோதிக்க அவனிடம் என்ன மிச்சம் இருக்கும்? கவனக்குறைவாக ஓட்டினான் என்று மட்டும் வழக்காகி, அவன் ஒப்புக்கொண்டு, மில்காரர் அபராதம் கட்டினார். கேஸ் முடிந்தது என்று ஊர் சொல்லிவிட்டது.

மச்சானுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கியிருந்தது. மதுரைக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்து, மாவுக்கட்டுப் பிரித்து, ஊன்றுகோலோடு அவர் எழுந்தபோது ஒரு கால் குட்டையாகிவிட்டது, மடங்கவும் இல்லை. அதற்கு நடுவிலேயே மில்காரர் தரப்பில் இரண்டு பெரிய மனிதர்கள் ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார்கள். கோர்ட்டு கீர்ட்டு என்று போக வேண்டாம், ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கொள்கிறோம், அதற்கு மேலே புதுசாக ஒரு சைக்கிளும் வாங்கித் தருகிறோம் என்றார்கள்.

அக்கா பழங்களை வாங்கி வைத்தாள். "புது சைக்கிளா? மிதிக்கிறதுக்கு உங்க மொதலாளி தெனமும் வருவாரா?" என்று கேட்டாள். பெரிய மனிதர்கள் எழுந்துவிட்டார்கள்.

ஆனால் மச்சானுக்கே கோர்ட்டுக்குப் போக இஷ்டமில்லை. "காலுக்கு வெல பேசறதா? எனக்கு அசிங்கமா இருக்கு மாமா" என்றார். அப்பா அவரைக் குதிரை வண்டியில் ஏற்றி, எங்கள் தெருவில், கிட்டங்கிக்கு எதிர்வீட்டிலிருந்த ஒரு வயதான வக்கீலிடம் அழைத்துப்போனார். நானும் போனேன், பி.ஏ. என்ற முறையில். எனக்கும் ஒன்றும் தெரியாது என்பது அங்கே போன பிறகு தெரிந்தது. டிரைவருக்கு அபராதம் போட்டதோடு நியாயம் தீர்ந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

"அபராதம் சர்க்காருக்குப் போச்சு. ஒடஞ்சது சர்க்கார் காலா?" என்று வக்கீல் கேட்டார். "அது வேற கேஸ், இது வேற கேஸ்ப்பா. அடிபட்டவன் நஷ்ட ஈடு கேக்கறதுக்குன்னே இப்பத் தனியாச் சட்டம் இருக்கு. டிரைவர் செஞ்சதுக்கு மொதலாளி ஜவாப்தாரி. மொதலாளிக்காக இன்சூரன்ஸ்காரன் குடுக்கணும். அதுக்குத்தான் கார் வச்சிருக்கவன் எல்லாம் இன்சூரன்ஸ் கட்டியே ஆகணும்னு வச்சிருக்கான். இது பிச்சையில்ல, உன் பாத்தியதை. அசிங்கப்படறதா இருந்தா, அடிபட்ட நாள்லேருந்து ரெண்டு மாசத்துக்குள்ள அசிங்கப்பட்டு முடிச்சிரு. அப்புறம் வந்தா மனுவ வாங்க மாட்டான்."

மச்சான் சிரித்துவிட்டார். மனுப் போட்டாயிற்று.

எதிர்த்தரப்பு பதில் கொடுத்தது: மூட்டை ஒரு பக்கம் சரிந்ததால் சைக்கிள் தானாகவே காருக்குக் குறுக்கே வந்து விழுந்தது, டிரைவர் அதைத் தவிர்க்கப் போய்த்தான் மரத்தில் மோதினான். பார்க்கப் போனால் மரத்துக்கும் காருக்கும் மச்சான்தான் நஷ்ட ஈடு தர வேண்டும் என்கிற தோரணையில் இருந்தது. டிரைவர் குடித்திருந்தான் என்று காட்டிவிட்டால் இந்தக் கதை நிற்காது என்றார் வக்கீல். சாட்சிகளை அழைத்துவரச் சொன்னார்.

எங்கள் ஊரின் விசேஷம் அப்போதுதான் வெளியே வந்தது.

முதலில் வண்டிக்காரர் வந்தார். "அவன் மேல வாடை அடிச்சுச்சா?" என்று வக்கீல் கேட்டார்.

"குப்புன்னு அடிச்சுச்சு சாமி."

"என்ன வாடை?"

வண்டிக்காரர் என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "அது எனக்கு எப்பிடிச் சாமி தெரியும்? நான் அந்தப் பழக்கமே இல்லாத ஆளு."

அடுத்து, விபத்து நடந்த இடத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருந்தவர். ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். "ஏனுங்க, பொய் சொல்லக் கூடாதுங்க. வாடை வந்துச்சுங்க. ஆனா அது புளிச்ச மாவாக் கூட இருக்கலாமுங்க."

"கார் டிரைவர் மேல எதுக்குய்யா புளிச்ச மாவு?"

"அதத்தானுங்க நானும் ரோசிச்சேன்."

மூன்றாவதாக ஒரு வாத்தியார் வந்தார். பஸ்ஸுக்கு நின்றவர், எல்லாவற்றையும் பார்த்தவர். அவர் ரொம்ப நேர்மையானவர். டிரைவர் தள்ளாடினான், கண் சிவந்திருந்தது, நாக்குக் குழறியது, அவன் மேல் ஒரு நெடி வந்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். "அது சாராயம்னு சொல்லுவீங்களா?" என்று கேட்டதும், "நான் எப்படி சார் சொல்றது? பையன்கள் என்ன நினைப்பாங்க?" என்றார்.

வாடையைத் தெரியும் என்று சொன்னால் குடித்த குற்றம் தன் மேல் வந்துவிடும் என்பதில் மூன்று பேருக்கும் சந்தேகமே இல்லை. எதிர்வக்கீல் கேட்கப்போகும் முதல் கேள்வியே "உமக்கு எப்படித் தெரியும்?" என்பதுதான். மதுவிலக்கு எங்கள் ஊரில் குடியை நிறுத்தவில்லை, மூக்குகளை நிறுத்தியிருந்தது. என்னைக் கூப்பிடலாமா என்று ஒரு யோசனை வந்தது. சம்பவத்தின்போது சாட்சி என்ன செய்துகொண்டிருந்தார், அவர் மூக்கு எந்த நிலையில் இருந்தது என்று நாலு கேள்வி கேட்டுப் பார்த்துவிட்டு, வக்கீல் என்னைக் காபி சொல்லிவரச் சொன்னார்.

நான் திரும்பியபோது அப்பா, "நான் சொல்றேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வக்கீலுக்கும் எங்கள் தெருவில்தான் வீடு. சனிக்கிழமைகளை அவரும் அறிவார். "ஆஸ்பத்திரியில ஊசி போடறப்போ ஸ்பிரிட்டு தடவுவாக இல்ல, அந்த வாடைன்னு சொல்லுங்க. அம்புட்டுப் போதும்" என்றார். அப்பா தலையசைத்தார். சின்னாளப்பட்டிக்குத் திரும்பும் வழியெல்லாம், "மாமாவைக் கூண்டுல ஏத்த வேணாம்டி, வாபஸ் வாங்கிருவோம்" என்று மச்சான், கூட வந்திருந்த அக்காவிடம் கெஞ்சினார். அவளுக்கு இரண்டு பிள்ளைகள், மூன்றாவது வயிற்றில். சேலை மூட்டை வீட்டு மூலையில் பிரிக்காமல் கிடந்தது.

விசாரணை மதுரை ஜில்லா கோர்ட்டில். திண்டுக்கல்லிலிருந்து காலை பஸ்ஸில் நாங்களும் எதிர்த்தரப்பும் ஒன்றாகவே போனோம். வேறு பஸ் இல்லை. மில் கணக்குப்பிள்ளை அப்பாவுக்கு வெற்றிலை கொடுத்தார், அப்பா அவருக்குப் புகையிலை கொடுத்தார். சின்னாளப்பட்டியில் மச்சான் ஊன்றுகோலோடு ஏறியபோது எழுந்து இடம் கொடுத்தவர் மில்காரரின் மைத்துனர். பஜனைக் கூடத்து ஆட்கள் நாலு பேர், தலைவருக்குத் துணையாக வந்திருந்தார்கள். அதாவது வேடிக்கை பார்க்க.

அப்பா கூண்டில் ஏறினார். நடந்ததைச் சொன்னார். நெடி வந்தது என்றார். எதிர்வக்கீல் எழுந்தார். கறுப்புக் கோட்டுக்குள் குளிர்ச்சியாக இருந்த மனிதர்.

"நீர் புகையிலைத் தரகர். புகையிலை வாடை தெரியும். இது சாராய வாடை என்று உமக்கு எப்படித் தெரியும்?"

எனக்கு முன் வரிசையில் இருந்த எங்கள் வக்கீல், ஊசிக்கு முன் ஸ்பிரிட்டு தடவுகிற மாதிரி தன் கையை லேசாகத் தேய்த்துக் காட்டினார். அப்பா அதைப் பார்த்தார். பிறகு மச்சானைப் பார்த்தார். மச்சான் அந்தக் காலை நீட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"இது குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்கிற கேள்வி" என்று எங்கள் வக்கீல் எழுந்தார். ஜட்ஜ் அவரைக் கையமர்த்திவிட்டு அப்பாவிடம் தமிழில் சொன்னார்: "கோர்ட்டு கட்டாயப்படுத்தி நீங்கள் சொல்லும் பதிலை வைத்து உங்கள் மேல் வழக்குப் போட முடியாது. பயப்படாமல் சொல்லுங்கள்."

சட்டம் அவரை ஜெயிலிலிருந்து காப்பாற்றும். பின்வரிசையில் இருந்த பஜனைக் கூடத்திலிருந்து காப்பாற்ற அதில் இடமில்லை.

"தெரியும்ங்க எசமான்" என்றார் அப்பா. "நான் குடிக்கிறவன்."

எதிர்வக்கீலுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அப்படியானால் அன்றைக்கும் குடித்திருந்தீரா?"

"இல்லீங்க. அன்னைக்கு வியாழக்கிழமை. நான் சனிக்கிழமைதான்."

ஜட்ஜ் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். அப்பா நிறுத்தவில்லை. தடுப்பு உடைந்த பிறகு தண்ணீரை யார் நிறுத்த முடியும்? "இன்னொண்ணும் சொல்லீர்றேங்க. அவன் குடிச்சது மலையடிவாரத்துச் சரக்கு இல்ல. அதுல வேலம்பட்டை வாடை வரும். இது இஞ்சி டிஞ்சர். பட்டையா இஞ்சியான்னு எனக்குத் தெரியும்ங்க."

"இஞ்சி மருந்து வயிற்று வலிக்குக் குடிப்பதுதானே?"

"வயித்து வலிக்குக் குடிக்கிறவுக ஒரு மூடி குடிப்பாக. அவன்கிட்ட அடிச்ச வாடைக்கு, ஒரு ஊருக்கே வயித்து வலி வந்திருக்கணும்ங்க."

சிரிப்பு அடங்குவதற்குள் எதிர்வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

திரும்பும் பஸ்ஸில் யாரும் அப்பாவோடு பேசவில்லை. மில் கணக்குப்பிள்ளை மட்டும் பழையபடி வெற்றிலை கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் அப்பா பஜனைக் கூடத்துச் சாவியை எடுத்து என்னிடம் கொடுத்து, "போய்க் குடுத்துட்டு வா. அவுக கேக்கறதுக்கு முந்தி நாமளே குடுத்துர்றது மரியாதை" என்றார். நான் செருப்பு மாட்டுவதற்குள் அந்த நாலு பேரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். சாவியை அவர்கள் தொடவே இல்லை. சுற்றிச் சுற்றிப் பேசி, கடைசியில் ஒருவர் குரலைத் தாழ்த்தினார்: "அண்ணே, மறுபடியும் கூண்டுல ஏத்துவாகளா? சனிக்கிழமையில உங்க கூட யாரு யாரு வருவாகன்னு கேட்டா... நம்ம பேரெல்லாம்..."

அப்பா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஏலே, போங்கடா" என்றார். அவர்கள் போன பிறகு, அம்மா உள்ளேயிருந்து வந்து மணையைப் போட்டு, இலையையும் போட்டாள். அவளுக்கும் விஷயம் தெரிந்துவிட்டிருந்தது. பஸ்ஸை விட வேகமாக எங்கள் தெருவில் செய்தி வரும். சாப்பாடு போட்டு முடித்துவிட்டு, "இனிமே பழம் வாங்கிட்டு வர வேணாம். எம்புட்டுத்தான் தெருவுக்குக் குடுக்கறது?" என்றாள். இருபது வருஷத்தில் அந்த விஷயமாக அவள் பேசிய முதல் வார்த்தை அது.

சில மாதங்கள் கழித்துத் தீர்ப்பு வந்தது. தன் பெயர் கெடும் என்று தெரிந்தே உண்மை சொன்னவரை நம்பாமல் வேறு யாரை நம்புவது என்று ஜட்ஜ் எழுதியிருந்தார். விபத்துக்கு டிரைவர்தான் காரணம். ஈட்டுத் தொகை கொடுக்கப்பட வேண்டும். நாங்கள் எதிர்பார்த்ததை விடக் குறைவு, மில்காரர் எதிர்பார்த்ததை விட அதிகம். பணத்தை வாங்க மச்சான் கையெழுத்துப் போட வேண்டும் என்று வக்கீல் காகிதம் கொடுத்தனுப்பினார். அப்பாவும் நானும் சின்னாளப்பட்டிக்கு எடுத்துப்போனோம்.

மச்சான் காகிதத்தைத் தொடவில்லை. கட்டிலில் உட்கார்ந்து ஊன்றுகோலைத் தரையில் தட்டிக்கொண்டே இருந்தார்.

"எனக்கு வேணாம் மாமா. இங்க தறிக்காரங்க கூட உங்களச் சொல்லிச் சிரிக்கிறாங்க. அந்தக் காசுல நான் சோறு தின்னா, உங்க மானத்த வித்துத் தின்ன மாதிரில்ல இருக்கும்?"

அக்கா கதவோரம், கைக்குழந்தையோடு நின்றாள். அப்பா மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். கோர்ட்டில் கூட அவர் இவ்வளவு சங்கடப்பட்டு நான் பார்த்ததில்லை.

"மாப்ள, நான் சொன்னது சொன்னதுதான், அதத் திரும்பப் பொறுக்க முடியாது. நீங்க வாங்கிக்கிட்டா, மருமகனுக்காகச் சொன்னான்னு ஆகும். வாங்கிக்கலேன்னா நான் வெறும் குடிகாரனால்ல ஆயிருவேன்?"

மச்சானுக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கப் போய்க் கண்ணில் நீர் வந்தது. "அதான் சொல்றாருல்ல, போடுங்க" என்றாள் அக்கா. அவர் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, பேனா இருக்கிறதா என்று கேட்டார்.

என்னிடம் இருந்தது. அந்த வழக்கில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அந்தப் பேனாவை உதறி, மை வருகிறதா என்று பார்த்துக் கொடுத்ததுதான்.